மரத்துப் போகும் வரை

பேசாதீங்க டீச்சர். வாயை அசைச்சா இந்தப் பிளாஸ்டிக் பேப்பர் விலகிடும், அந்த இடம் மட்டும் மரக்காது. அப்புறம் ஊசி இறங்கும்போது நீங்க கத்துவீங்க, டாக்டர் என்னைத்தான் பார்ப்பாங்க. கண்ணை மூடிக்கோங்க. இல்லன்னா ஃபேனைப் பாருங்க. முக்கால் மணி நேரம் இப்படியே இருக்கணும். கிரீம் தடவி இப்பத்தான் அஞ்சு நிமிஷம் ஆகுது.

ஃபைல்ல டீச்சர்னு போட்டிருந்துச்சு, அதான் அப்படிக் கூப்பிடறேன். தப்பில்லையே? சரி சரி, பதில் சொல்ல வேண்டாம்.

என் பேரு பவுனாம்பாள். இங்க எல்லாருக்கும் பவுனு. கிரீம் தடவறது, மரக்கற வரைக்கும் பக்கத்துல உக்காந்து பேச்சுத் துணை குடுக்கறது, முடிஞ்சதும் ஐஸ் ஒத்தடம் குடுக்கறது, இதுதான் என் வேலை. சும்மா உக்காந்திருந்தா பேஷண்டுக்குப் பயம் வரும் பவுனு, எதையாவது பேசிக்கிட்டே இருன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. எதைப் பேசறதுன்னு சொல்லல. அதனால வாய்க்கு வந்ததைப் பேசுவேன். வெயிலு, விலைவாசி, ஸ்ரீரங்கம் பஸ்ஸுல கூட்டம். இன்னைக்கு எனக்கு அதெல்லாம் வாயில வர மாட்டேங்குது.

மணி பதினொண்ணேகால் ஆச்சு. பன்னெண்டு மணிக்கு டாக்டருக்கு ஒரு போன் வரும். கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியிலேர்ந்து. இங்க முன்னாடி வேலை பார்த்த ஒரு பொண்ணைப் பத்தி விசாரிக்கப் போறாங்க. டாக்டர் நல்லவிதமா ஒரு வார்த்தை சொன்னா அந்தப் பொண்ணுக்கு அங்க வேலை. சொல்லலைன்னா இல்ல. அதுக்குள்ள நான் போய் டாக்டர்கிட்ட ஒரு விஷயத்தைச் சொல்லியாகணும். சொல்றேன்னு நேத்து சாயங்காலம் அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேன். காலையிலேர்ந்து மூணு தடவை டாக்டர் ரூம் வாசல் வரைக்கும் போயிட்டு வந்துட்டேன். முதல் தடவை உள்ள மருந்துக் கம்பெனிக்காரர் உக்காந்திருந்தாரு. ரெண்டாவது தடவை டாக்டர் டீ குடிச்சிட்டிருந்தாங்க. பாவம், அதையும் நின்ன வாக்குல குடிக்கிறாங்க, அந்நேரத்துல போய் என்னத்தைச் சொல்றது. மூணாவது தடவை நீங்க வந்துட்டீங்க.

குறையாச் சொல்லல. உங்க வேலை முடிஞ்சதும் போய்ச் சொல்லிடுவேன். நேரம் இருக்கு.

நீங்க உள்ள வந்ததும் என் முகத்தைப் பார்த்தீங்க, பார்த்ததும் சட்டுனு தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. பரவாயில்ல. எல்லாரும் அப்படித்தான். இடது கன்னம் நல்லா இருக்கு, வலது கன்னத்துல இஸ்திரிப் பெட்டி வெச்ச மாதிரி கருப்பா இருக்கு. இது எப்படி ஆச்சுன்னு நீங்க மனசுக்குள்ள கேட்டிருப்பீங்க. பயப்படாதீங்க, உங்களுக்கு இப்படி ஆகாது. டாக்டர் கையில செஞ்சா ஆகாது.

எட்டாவது படிக்கும்போது எனக்கு அம்மை போட்டுச்சு. உயிர் பிழைச்சதே பெருசுன்னாங்க. எந்திரிச்சு கண்ணாடியைப் பார்த்தா முகம் பூரா அம்மி கொத்தினாப்ல குழி. பள்ளிக்கூடத்துல பசங்க அம்மிக்கல்லுன்னு பேரு வெச்சாங்க. நாலு நாள் போனேன், அஞ்சாவது நாள் போகல. யாரும் ஏன்னு கேக்கல. கட்டிக்கிட்டவர் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டினது இல்ல, ஆனா ஒரு நாளும் நேருக்கு நேரா பார்த்துப் பேசினதும் இல்ல. அது அவரோட சுபாவம்.

மூணு வருஷம் முன்னாடி இங்க தரை துடைக்கத்தான் வந்தேன். அந்தச் சமயத்துலதான் இந்த மெஷின் வந்து இறங்குச்சு. பொடிப்பொடியா ஊசி, தோலுக்குள்ள இறங்கி, இறங்கின இடத்துல சூடு குடுக்கும். அந்தச் சூட்டுக்குத் தோல் தானா இறுகி, குழியெல்லாம் மேல ஏறி வரும், திறந்து கிடக்கற துவாரமெல்லாம் சுருங்கும். உங்களுக்கும் டாக்டர் படம் போட்டுக் காட்டியிருப்பாங்க. புது மெஷின், யாரும் துணிஞ்சு வரல. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, உனக்குப் பண்ணி விடறேன் பவுனு, ஆனா இடது பக்கம் மட்டும்தான்னாங்க. மாசம் ஒண்ணா நாலு தடவை. கன்னம் எப்படி ஆச்சுன்னு நீங்களே பாருங்க. குழி முழுசாப் போகல, ஆனா ஆழம் போயிடுச்சு. ஹாலுல ஒரு பெரிய போட்டோ மாட்டியிருக்குமே, கண்ணை மறைச்சு, பாதி முகம் ஒரு மாதிரி பாதி முகம் ஒரு மாதிரி? அது நான்தான். அதுக்கப்புறம் தரை துடைக்கறதுலேர்ந்து எடுத்து இந்த வேலையில போட்டாங்க. வர்றவங்ககிட்ட, பவுனு கன்னத்தைத் தொட்டுப் பாருங்கம்பாங்க. தொட்டுப் பார்ப்பாங்க. முதல்ல இது, அப்புறம் அது. ஒரு நாளைக்குப் பத்துப் பன்னெண்டு பேர். கை கழுவிட்டா தொடறாங்கன்னு யாரு பார்த்தா.

வலது பக்கமும் பண்ணி விடுங்க டாக்டர்னு எத்தனையோ தடவை கேட்டிருக்கேன். சிரிப்பாங்க. ரெண்டும் ஒண்ணாயிட்டா அப்புறம் எதைக் காட்டறது பவுனு, கொஞ்ச நாள் பொறும்பாங்க. கெட்ட மனசுல சொல்றது இல்ல. அவங்க சொல்றதும் நியாயந்தானே.

எரியுதா? ஆரம்பத்துல லேசா எரியும். பத்து நிமிஷத்துல அடங்கிடும்.

அப்படியே இருந்திருப்பேன் டீச்சர். என் பொண்ணு சுகந்திக்கு வரன் அமைஞ்சுது. முசிறிப் பக்கம், நல்ல இடம். நிச்சயத்தன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மா, எங்க சம்பந்தியம்மா, என் முகத்தையே பார்த்துட்டிருந்தாங்க. அப்புறம் தாம்பூலத்தட்டு மாத்தும்போது, எல்லாரும் சுத்தி நிக்கறாங்க, என்கிட்ட கேட்டாங்க: "என்ன சம்பந்தி, பாதி வீடு வெள்ளையடிச்சதும் சுண்ணாம்பு தீர்ந்துபோச்சா?"

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா கோவம்னு நினைச்சுக்குவாங்கள்ல. சுகந்தி மட்டும் சிரிக்கல, தட்டையே பார்த்துட்டு நின்னா. அதோட போச்சா? கல்யாணத்துக்கு எல்.இ.டி. திரை வைக்கறோம்னு சொன்னாங்க. மேடையில நடக்கறதெல்லாம் கடைசி வரிசைக்கும் தெரியுமாம். எட்டு அடி ஒசரத்துல என் முகம். ஆயிரம் பேரு பந்தி நினைப்பு இல்லாம அதைத்தான் பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. எனக்குச் சோறு இறங்கல. கேஸை மூடினோமான்னு நாலு தடவை எந்திரிச்சுப் போய்ப் பார்க்கறவ நான், எனக்கு இது போதாதா.

அப்பத்தான் சீலியைக் கேட்டேன்.

இன்னைக்கு விசாரிக்கப் போறாங்கன்னு சொன்னேனே, அவதான். அந்தோணி ஜெயசீலி. அரியலூர்ப் பக்கம். அப்பா இல்ல, அம்மா பங்குச் சாமியார் வீட்டுல சமையல். சென்னையில போய் ஒரு வருஷம் இந்த மெஷின் படிப்புப் படிச்சிட்டு வந்தவ. டாக்டருக்குப் பக்கத்துல நின்னு எல்லாம் எடுத்துக் குடுப்பா, சில சமயம் டாக்டர் பார்த்துட்டு நிக்க அவளே பண்ணுவா. நல்லாத்தான் பண்ணுவா. என்ன, ரொம்ப மெதுவு. டாக்டர் இருபது நிமிஷத்துல முடிக்கறதை இவ முக்கால் மணி நேரம் இழுப்பா. தோலை இழுத்துப் பிடிச்சு, பார்த்து, ஒரு குத்து. துடைச்சு, பார்த்து, இன்னொரு குத்து. அவ மெஷினைத் தொட்டான்னா அன்னைக்கு எனக்கு ஆறே கால் பஸ் போச்சுன்னு அர்த்தம். எத்தனை நாள் திட்டியிருக்கேன்.

ஹாஸ்டல் சோறு சாப்பிட்டு இளைச்சுப் போயிருக்கான்னு தினம் ஒரு டப்பா குழம்பு கொண்டு வந்து குடுப்பேன். உரிமையோடதான் கேட்டேன். டாக்டர் பெங்களூருக்கு ஏதோ மீட்டிங்னு போறாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானம் இங்க யாரும் இருக்க மாட்டாங்க, சாவி என்கிட்டதான் இருக்கு. வலது பக்கத்தைப் பண்ணி விடு சீலின்னேன். அவ மாட்டேன்னுட்டா. டாக்டர் இல்லாம மெஷினைத் தொடக்கூடாதுங்கறது இங்க சட்டம். அதோட வியாழக்கிழமை கல்யாணத்தை வெச்சிக்கிட்டு இதைப் பண்ணவே கூடாது, முகம் ஆற நாளே இல்லன்னா. ஒரே தடவையில குழி போகாது அக்கா, சிவந்து நிக்கறதுதான் மிச்சம்னும் சொன்னா. எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசினா.

நான் அழுதேன். அழாம என்ன பண்ணுவேன். நான் உனக்கு அம்மா மாதிரி இல்லையான்னு கேட்டேன். அதுக்கும் அசையல. அதுக்கு முன்னாடி ஒரு தடவை அவ மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல, முடி எடுக்கற மெஷினைப் போட்டு உதட்டு மேல தனக்குத்தானே பண்ணிக்கிட்டா. நான் பார்த்தேன். அதை நான் டாக்டர்கிட்ட சொல்லலைங்கறதை ஞாபகப்படுத்தினேன். ஞாபகந்தான் படுத்தினேன், மிரட்டல. அவதான் ஒரு மாதிரி என்னைப் பார்த்துட்டு, சரிக்கா, ஞாயித்துக்கிழமை வாங்கன்னா.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு நேரா வந்தா. ஒரு மணி நேரம் கிரீம் ஊற வெச்சா. சூட்டுக்கு டாக்டர் வைக்கற நம்பருக்கு ரெண்டு நம்பர் கீழதான் வைப்பேன்னு சொல்லி, எனக்கு அந்த நம்பரைத் திருப்பிக் காட்டினா. எனக்கு எங்க தெரியும் அது. ஏதோ கோயில்ல விளக்கு ஏத்தற மாதிரி அவ்வளவு பயபக்தியா ஒவ்வொண்ணா வெச்சா. முடிச்சு ஐஸ் வெச்சு, ஒரு காகிதத்துல பெரிசு பெரிசா எழுதிக் குடுத்தா. வெயில் கூடாது. அடுப்புச் சூடு கூடாது. சோப்பு கூடாது. மஞ்சள் கூடவே கூடாது, அஞ்சு நாளைக்கு. அதை அவ எனக்குச் சொல்லணுமா? தினம் பத்துப் பேருக்கு நான் சொல்றதுதானே. உங்களுக்கும் சொல்லத்தான் போறேன்.

ஆனா கல்யாண வீடு டீச்சர். சீர்ப் பலகாரம் யாரு சுடறது? திங்கக்கிழமை பூரா நானும் என் அக்காவும் எண்ணெய்ச் சட்டி முன்னாடி. அதிரசமும் முறுக்கும். முகம் தகதகன்னு இருந்துச்சு. ஈரத்துணியை வெச்சு ஒத்திக்கிட்டேன். எப்பவும் அடுப்புப் பக்கமே நிக்கற பொம்பளைக்கு ஒரு நாள் சூடு என்ன பண்ணிடும்.

செவ்வாய்க்கிழமை நலங்கு. இப்ப யாரு நலங்குங்கறா, ஹல்தியாம். மாப்பிள்ளையோட தங்கச்சி ஏற்பாடு. எல்லாருக்கும் மஞ்சள் டிரெஸ்ஸு, போட்டோக்காரர், பாட்டு, ஒரு பெரிய உருளி நிறைய மஞ்சள் கரைசல். நாம இழைக்கற மஞ்சள் இல்ல, கடையில வாங்கின பாக்கெட்டுத் தூள், வாசனையே வேற மாதிரி இருந்துச்சு. பொண்ணுக்குப் பூசினாங்க. மாப்பிள்ளைக்குப் பூசினாங்க. அப்புறம் ஒருத்தர் மேல ஒருத்தர் பூசிக்க ஆரம்பிச்சாங்க. நான் தூண் பக்கம் ஒதுங்கித்தான் நின்னேன். சம்பந்தியம்மா ரெண்டு கையிலயும் அள்ளிக்கிட்டு என்னைத் தேடி வந்தாங்க. அவங்களா வந்தாங்க டீச்சர். அந்தப் பேச்சுப் பேசினவங்க, அவங்களா இறங்கி வந்து, வாங்க சம்பந்தின்னு சிரிக்கறாங்க. போட்டோக்காரர் நிக்கறாரு. வேண்டாம்னு கையைத் தட்டினா என்ன ஆகும்? பொண்ணைக் குடுக்கற இடம். கன்னத்தைக் காட்டினேன். வழிச்சுப் பூசினாங்க.

கையை ஏன் இப்படி இறுக்கறீங்க? எரியுதா? அதான் சொன்னேனே, அடங்கிடும். விடுங்க, நான் பிடிச்சுக்கறேன்.

அந்த நேரம் பார்த்து சீலி வந்தா. நாந்தான் பத்திரிக்கை வெச்சு வரச் சொல்லியிருந்தேன். கையில ஒரு பரிசுப் பொட்டலம். என்னைப் பார்த்தவ அதை அப்படியே நாற்காலியில போட்டுட்டு ஓடி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தா. "அக்கா, வாங்க, உடனே கழுவணும். சோப்பு வேண்டாம், தண்ணி, வெறும் தண்ணி"ன்னு ஒரே பதட்டம். பாட்டு நின்னுபோச்சு. சம்பந்தியம்மா கையில மஞ்சளோட நிக்கறாங்க. ஏன், நான் பூசினா ஆகாதான்னு அவங்க கேட்டாங்க. சீலி கையை உதறினேன். "உன் நர்ஸ் வேலையெல்லாம் கிளினிக்கோட வெச்சிக்கோ. கூப்பிட்டா வந்தோமா சாப்பிட்டோமான்னு போகணும்"னேன். கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிட்டேன். வேற வழி இல்ல.

அவ சாப்பிடல. தூண் பக்கமே நின்னுட்டு, எல்லாரும் பந்திக்குப் போனதும் திரும்பவும் வந்து கேட்டா. அப்பவும் கழுவல. சம்பந்தியம்மா வண்டி ஏறின அப்புறம்தான் கழுவினேன். ரெண்டு மணி நேரம் இருக்கும். கூடவும் இருக்கலாம்.

புதன்கிழமை விடிஞ்சதும் கன்னம் பன்னு மாதிரி வீங்கி, அங்கங்க சீழ். சீலி போன் பண்ணி ஆஸ்பத்திரிக்குப் போங்கக்கான்னா. அன்னைக்குச் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு, நான் எங்க போறது. அவளே ஒரு களிம்பும் மாத்திரையும் வாங்கிட்டு வந்து மண்டபத்து வாசல்ல குடுத்துட்டுப் போனா. மாத்திரை வயித்தைப் பெரட்டுச்சு, ஒண்ணோட நிறுத்திட்டேன். வியாழக்கிழமை களிம்பு மேலயே பவுடரை அப்பிக்கிட்டு நின்னேன். வீடியோக்காரர்கிட்ட, தம்பி, என்னை இடது பக்கமா மட்டும் எடுப்பான்னு கேட்டுக்கிட்டேன். அந்தப் புண்ணியவான் அப்படியே எடுத்தான். எல்.இ.டி. திரையில ஒரு இடத்துலகூட வலது கன்னம் தெரியல. பழையபடியே விட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காதுதான். அதை இப்ப நினைச்சு என்ன பண்ண.

ஒரு வாரம் கழிச்சு வேலைக்கு வந்தேன். டாக்டர் பார்த்ததும் என்னையும் சீலியையும் உள்ள கூப்பிட்டாங்க. யார் பண்ணினதுன்னாங்க. நான் பண்ணினேன் டாக்டர்னு சீலி உடனே சொல்லிட்டா. யாரு கேட்டு நீ பண்ணினேன்னு டாக்டர் கேட்டாங்க. அவ என்னைப் பார்த்தா. நான் சொல்லுவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தா. வேலை போச்சுன்னா கல்யாணத்துக்கு வாங்கினதை எல்லாம் எப்படி அடைக்கறது. வாயில என்ன வந்துச்சோ அது வந்துச்சு. பழகிக்கறேன், முகம் குடுங்கக்கான்னு அவதான் கேட்டா டாக்டர்னு சொல்லிட்டேன்.

அப்படித்தான் வாயில வந்துச்சு டீச்சர். நெனைச்சுக்கிட்டுப் போய்ச் சொல்லல.

அப்பவும் அவ அதை மறுக்கல. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. "நம்பரைக் கூட்டி வைக்கல டாக்டர். ரெண்டு நாள்ல முகத்துல மஞ்சள் பூசிட்டாங்க. அக்காவைக் கேளுங்க." டாக்டர் என் பக்கம் திரும்பினாங்க. மஞ்சள் பூசினியா பவுனுன்னாங்க. இல்ல டாக்டர், பொண்ணுக்குத்தான் பூசினாங்க, எனக்குத் தெரியாதா மஞ்சள் கூடாதுன்னு, நான்தானே எல்லாருக்கும் சொல்றேன்னேன். டாக்டருக்கு அது சரின்னு பட்டுச்சு. யாருக்கும் சரின்னுதானே படும்?

அன்னைக்கே அவளை அனுப்பிட்டாங்க. வேலை பார்த்ததுக்குச் சர்ட்டிபிகேட்டு குடுக்கல. இந்த ஊர் ஸ்கின் டாக்டருங்க எல்லாரும் சேர்ந்து போன்ல ஒரு குரூப் வெச்சிருக்காங்களாம், அதுலயும் அவ பேரைப் போட்டுட்டாங்கன்னு அப்புறம் கேள்விப்பட்டேன். எட்டு மாசமா ஒரு துணிக்கடையில நிக்கறா. காலையில பத்து மணிக்கு நின்னா ராத்திரி வரைக்கும் உக்காரக் கூடாதாம். பிரிச்சுப் போட்ட சேலையை மடிச்சுக்கிட்டே இருக்கணும். காலெல்லாம் நரம்பு புடைச்சுப் போச்சு.

என்னை டாக்டர் அனுப்பல. அதைச் சொல்லணும், நல்ல மனசு. இந்தக் கன்னத்துக்கு அவங்களே மருந்து போட்டாங்க, காசு வாங்கல. கருப்பு மட்டும் போகல. முதல்ல என்னை உள்ளயே இருக்கச் சொன்னாங்க. அப்புறம் ஒரு நாள் ஒரு அம்மா, வீட்டுப் பக்கத்துல ஒரு பார்லர்ல இதே மெஷின் பாதி விலைக்கு இருக்கே டாக்டர்னு கேட்டாங்க. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, பவுனு, இந்தப் பக்கம் இங்க பண்ணினது, அந்தப் பக்கம் பார்லர்ல பண்ணினதுன்னு சொன்னாங்க. அந்த அம்மா அப்பவே இங்க பேர் எழுதிட்டாங்க. அதுலேர்ந்து கேக்கறவங்களுக்கெல்லாம் அப்படித்தான் சொல்றேன். போட்டோவும் புதுசா எடுத்துட்டாங்க. முன்னைக்கு இப்ப வித்தியாசம் நல்லாத் தெரியுதாம்.

உங்ககிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கணும். ஏன் இதையெல்லாம் சொல்றேன்னு தெரியல. நீங்க பதில் பேச முடியாதுங்கறதால இருக்கும்.

நேத்து சாயங்காலம் நான் இறங்கிப் போகும்போது படிக்கட்டுக்குக் கீழ நின்னுட்டிருந்தா. அரை நாள் லீவு போட்டுட்டு வந்தாளாம். திட்டுவாளோன்னு பயந்துட்டேன். திட்டல. சுகந்தி எப்படியிருக்கான்னு கேட்டா. ஆறு மாசம்னேன். சந்தோஷம்க்கான்னா. என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தா, வெளிச்சத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தா, தொழில்காரி பார்க்கற மாதிரி. வெயில்ல துணி போட்டு மூடிக்கோங்க, இது இன்னும் கொஞ்சம் குறையும்னா. அப்புறம்தான் கோயமுத்தூர் விஷயத்தைச் சொன்னா. பரீட்சை மாதிரி வெச்சு, மெஷின்ல செஞ்சு காட்டச் சொன்னாங்களாம், இவதான் முதலாம். டாக்டர்கிட்ட விசாரிக்கறது ஒண்ணுதான் பாக்கியாம்.

"எனக்காகப் பொய் சொல்ல வேண்டாம்க்கா. மஞ்சள் பூசினதை மட்டும் சொல்லிடுங்க. என் கை தப்பு இல்லன்னு டாக்டருக்குத் தெரிஞ்சாப் போதும், மத்தது எதுவும் வேண்டாம்"னா.

சொல்றேன்னேன். நிச்சயமா சொல்றேன் சீலின்னு அவ கையைப் பிடிச்சுச் சொன்னேன். அவ அழுதுட்டா.

சொல்லத்தான் போறேன் டீச்சர். ஆனா ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. மஞ்சள்னு சொன்னா யாரு பூசினாங்கன்னு வரும். சம்பந்தியம்மா பேரு வரும். அவங்க தங்கச்சி மருமக இங்கதான் முகத்துக்கு வர்றா, நாளைக்கு இது முசிறி வரைக்கும் போகும். என் பொண்ணு வயித்துல புள்ளையோட அந்த வீட்டுல இருக்கா. அவளுக்கு ஒரு சொல்லு வந்தா யாரு தாங்கறது? அப்புறம் டாக்டர். எட்டு மாசமா ஏமாத்தினியான்னு கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்? சீலி சின்னப் பொண்ணு, கை இருக்கு, படிப்பு இருக்கு. எனக்கு இந்த ரெண்டு கன்னத்தைத் தவிர என்ன இருக்கு?

மணி பன்னெண்டாகப் போகுது. இதோ எந்திரிக்கறேன். இந்த ஓரம் மட்டும் பேப்பர் தூக்கிட்டிருக்கு, ஒட்டிட்டுப் போறேன். ஆடாதீங்க.

போன் அடிக்குது. எடுத்துட்டாங்க. கடிகாரம் அஞ்சு நிமிஷம் மெதுவா ஓடுது போல, நான் கவனிக்கல.

வாங்க டாக்டர். ஒண்ணும் இல்ல டாக்டர், சும்மா பேச்சுத் துணைக்கு. நல்லா ஊறிட்டிருக்கு, இன்னும் ரெண்டு நிமிஷம். யாரு, கோயமுத்தூர்க்காரங்களா? லைன்ல இருக்காங்களா? சீலியைப் பத்தியா? நானா டாக்டர்? என் முகத்துக்கு நடந்ததுங்கறதால நான் என்ன சொல்றேனோ அதையே அவங்ககிட்ட சொல்லிடறீங்களா? கோவம் எல்லாம் இல்ல டாக்டர், எனக்கு என்ன கோவம் அவ மேல.

அது வந்து டாக்டர்...

நல்ல பொண்ணு டாக்டர். ரொம்ப நல்ல பொண்ணு. பழகறதுக்குத் தங்கம். கைதான் கொஞ்சம் அவசரம். அது ஒண்ணுதான்.

சரிங்க டாக்டர்.

போயிட்டாங்க. என்ன டீச்சர் அப்படிப் பார்க்கறீங்க? நல்ல பொண்ணுன்னுதானே முதல்ல சொன்னேன். நீங்களும் கேட்டீங்கள்ல. தங்கம்னேன். அவங்க எதை எடுத்துக்கறாங்களோ அது அவங்க பாடு. இந்த ஆஸ்பத்திரி இல்லன்னா இன்னொண்ணு, அவ வயசுக்கு.

எதுக்கு எந்திரிக்கறீங்க? படுங்க. பேப்பரை ஏன் உரிக்கறீங்க, இன்னும் நேரம் ஆகல. டீச்சர், அந்தப் பக்கம் போகாதீங்க, டாக்டர் போன்ல இருக்காங்க. உங்களை நம்பித்தானே சொன்னேன். கையை உதறாதீங்க. கதவைத் திறக்காதீங்க டீச்சர், சொன்னாக் கேளுங்க. உதடெல்லாம் மரத்திருக்கு உங்களுக்கு. நீங்க என்ன சொன்னாலும் அவங்களுக்குப் புரியப் போறதில்ல.